பணியாளர் மதிப்பீடும் பின்னூட்டமும்: நியூ லனார்க் ஆலை முதல் தேவ் தத் வழக்கு வரை

ஒரு பணியாளரின் வேலையைப் பற்றி அவருடைய மேலாளர் அவரிடம் எடுத்துச் சொல்லும் கருத்து பின்னூட்டம் எனப்படும். குறையைச் சுட்டுவதோடு நிற்காமல், அதைத் திருத்திக்கொள்ளும் வழியையும் காட்டுமானால் அது ஆக்கப்பூர்வமான பின்னூட்டம் ஆகும். இன்று மேலாண்மைப் பாடநூல்கள் பலவற்றில் இதற்கு இடம் உண்டு. ஆனால் இந்த எண்ணம் எளிதில் உருவாகிவிடவில்லை. தொழிற்சாலைகளும் அரசு அலுவலகங்களும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பணியாளர்களை மதிப்பிட்டு வந்துள்ளன. எழுதப்பட்ட மதிப்பீட்டை உரியவரிடம் காட்ட வேண்டுமா, அவர் மறுத்துப் பேசலாமா, அதனால் அவருடைய வேலை உண்மையில் மேம்படுகிறதா என்ற மூன்று கேள்விகளும் அக்காலம் முழுவதும் தொடர்ந்து வந்தன. அவற்றுக்குக் கிடைத்த விடைகளே இக்கட்டுரையின் பொருள்.

நியூ லனார்க்கின் நான்கு வண்ணங்கள்

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் உள்ள நியூ லனார்க் என்னும் ஊரில் டேவிட் டேல் என்பவர் 1780-களில் பஞ்சாலை ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மருமகனான ராபர்ட் ஓவன் (1771–1858) 1800-ஆம் ஆண்டில் அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். அக்கால ஆலைகளில் மேற்பார்வையாளரின் அதட்டலும் அபராதமும் அடியும் வழக்கமாக இருந்தன. ஓவன் அடிப்பதையும் திட்டுவதையும் விலக்கிவிட்டு, புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார்.

அதற்கு மௌனக் கண்காணிப்பான் என்று பெயர். அது சுமார் இரண்டு அங்குல நீளமுள்ள நான்கு பக்க மரக்கட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வண்ணம் பூசப்பட்டிருக்கும். கறுப்பு மோசமான நடத்தையையும், நீலம் சுமாரானதையும், மஞ்சள் நல்லதையும், வெள்ளை மிகச் சிறந்ததையும் குறிக்கும். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் இக்கட்டை தொங்கும். முந்தைய நாள் நடத்தைக்கு உரிய வண்ணம் வெளியே தெரியும்படி மேற்பார்வையாளர் அதைத் திருப்பி வைப்பார். ஒவ்வொரு நாளின் மதிப்பும் எண்ணாக மாற்றப்பட்டு, நடத்தைப் பதிவேடு ஒன்றில் எழுதப்பட்டது.

மானிட்டர் என்ற ஆங்கிலச் சொல் அக்காலத்துப் பள்ளிகளிலும் வழங்கியது. மூத்த மாணவன் இளைய மாணவர்களுக்குக் கற்பித்து மேற்பார்க்கும் முறை, நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறையை ஒத்தது. இம்முறையை ஆண்ட்ரூ பெல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்றோர் பள்ளியில் 1789-இல் நடத்திப் பார்த்து, பின்னர் இங்கிலாந்தில் பரப்பினார். அதனால் அது மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. அந்த வகையில் ஓவனின் மரக்கட்டையை வாய் பேசாத சட்டாம்பிள்ளை என்று சொல்லலாம்.

ஓவனின் முறையில் கவனிக்கத்தக்க கூறுகள் மூன்று. முதலாவது, மதிப்பீடு அன்றாடம் நடந்தது. ஒரு நாள் தவறினால் மறுநாளே வண்ணத்தை மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. இரண்டாவது, மதிப்பீடு நியாயமற்றது என்று கருதும் தொழிலாளி, அது பதிவேட்டில் ஏறும் முன்பே ஓவனிடம் முறையிடலாம். மூன்றாவது, மேற்பார்வையாளர்களுக்கும் இதே போன்ற மதிப்பீடு உண்டு. ஓவன் ஆலைக்குள் நடந்து வரும்போது கறுப்பு வண்ணம் தெரிந்தால், அந்தத் தொழிலாளியையும் கட்டையையும் பார்ப்பாரே தவிர ஒரு சொல்லும் சொல்லமாட்டார். தொடக்கத்தில் கறுப்பு மிகுந்திருந்ததாகவும், போகப்போக நீலமும் மஞ்சளும் பெருகி, பின்னர் வெள்ளையும் தோன்றியதாகவும் 1857-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதியுள்ளார்.

மரக்கட்டை மட்டுமே இந்த மாற்றத்தை உண்டாக்கியது என்று கூற முடியாது. அமெரிக்கப் பஞ்சு வரத்து நின்று ஆலை மூடிக் கிடந்த நான்கு மாதங்களுக்கும் ஓவன் தொழிலாளர்களுக்கு முழுக் கூலி கொடுத்தார். அதன்பின் அவர்மீது நம்பிக்கை பிறந்தது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு எடுப்பதை அவர் நிறுத்தினார். 1816-இல் ஒழுக்க உருவாக்க நிலையம் என்ற பெயரில் கல்விக்கூடம் ஒன்றையும் திறந்தார். சொல்பவர்மீது நம்பிக்கை இருந்தால்தான் அவர் சொல்லும் குறையும் ஏற்கப்படும் என்பதற்கு நியூ லனார்க் ஒரு சான்று.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. கறுப்பு வண்ணம் தவறு நடந்தது என்று சொல்லும். எது தவறு, எப்படித் திருத்துவது என்று சொல்லாது. எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கியதால் திருத்தத்தோடு வெட்கமும் சேர்ந்தே வந்தது.

அளவுகோல்களும் ஒளிவட்டமும்

ஓவனுக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, முதல் உலகப் போரின்போது மதிப்பீடு பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 1917-இல் போரில் இறங்கியதும், மிகக் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கான அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. உளவியலாளர் வால்டர் டில் ஸ்காட் அதற்காக ஆளுக்கு ஆள் ஒப்பிடும் அளவுகோல் ஒன்றை வகுத்துக் கொடுத்தார். போர் முடிந்தபின் இத்தகைய அளவுகோல்கள் வணிக நிறுவனங்களிலும் பரவின.

ஆனால் அவற்றின் நம்பகத்தன்மை விரைவிலேயே கேள்விக்குள்ளானது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், அதிகாரிகளுக்கு அவர்களுடைய மேலதிகாரிகள் அளித்த மதிப்பெண்களை ஆராய்ந்து 1920-இல் கட்டுரை வெளியிட்டார். அறிவு, உடல்வாகு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவை வெவ்வேறானவை. ஆயினும் ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் மற்றவற்றிலும் உயர்ந்த மதிப்பெண்ணே பெற்றிருந்தார். ஒருவரைப் பற்றிய பொதுவான எண்ணம் அவருடைய எல்லாப் பண்புகளின் மீதும் படர்ந்துவிடுகிறது என்பதை இது காட்டியது. இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர் ஏற்பட்டது. ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும்போதும் இதே விளைவு நேர்வதுண்டு. கையெழுத்து அழகாக இருந்தால் விடையும் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

தார்ன்டைக்கின் கண்டுபிடிப்பிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். மதிப்பிடுபவரும் தவறக்கூடியவர். எனவே மதிப்பிடப்படுபவரின் தரப்பைக் கேட்காத எந்த முறையும் முழுமையானதாக இருக்க முடியாது.

பின்னூட்டம் என்ற சொல் வந்த வழி

பின்னூட்டம் என்பது முதலில் மின்னணுவியல் சொல். பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்டு பிளாக் 1927-இல் எதிர்மறைப் பின்னூட்டப் பெருக்கியை வகுத்தார். தொலைபேசிக் குரலைப் பெருக்கும்போது அதில் திரிபு கலந்துவிடும். வெளியீட்டின் ஒரு சிறு பகுதியை மீண்டும் உள்ளீட்டுக்கு அனுப்பி, அந்தத் திரிபைக் குறைப்பதே அவருடைய வழி. நார்பர்ட் வீனர் 1948-இல் வெளியிட்ட சைபர்னெட்டிக்ஸ் என்னும் நூல், இயந்திரத்துக்கும் உயிரினத்துக்கும் பொதுவான கட்டுப்பாட்டு விதியாகப் பின்னூட்டத்தை விளக்கியது.

இச்சொல் மனித உறவுகளுக்கு வந்து சேர்ந்ததில் சமூக உளவியலாளர் கர்ட் லெவினுக்குப் பெரும் பங்கு உண்டு. 1946-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் அவர் பயிற்சிப் பட்டறை ஒன்றை நடத்தினார. பகலில் நடந்த குழு விவாதங்களைப் பார்வையாளர்கள் குறித்துக்கொண்டு, மாலையில் பயிற்றுநர்களோடு அவற்றைப் பற்றிப் பேசுவார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் சிலர் ஒரு மாலை அங்கே உட்கார்ந்து கேட்க விரும்பினர். தங்களைப் பற்றிய குறிப்புகளைக் கேட்டு, "அப்படி நடக்கவில்லை" என்று மறுத்தும் பேசினர். அந்த விவாதமே பட்டறையின் மிகப் பயனுள்ள பகுதியாக அமைந்தது. ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசுவதைவிட, அவரையும் உட்காரவைத்துப் பேசுவதே அவருக்கு உதவும் என்பது அங்கே வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே மெய்ன் மாநிலத்தில் உள்ள பெத்தெல் என்ற ஊரில் இதற்கான தேசியப் பயிற்சி ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் லெவின் காலமாகிவிட்டார்.

ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வு

1950-களில் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பீட்டுப் படிவம் நிரப்பி, பணியாளரை அழைத்துப் பேசுவது அமெரிக்க நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. பேராசிரியர் டக்ளஸ் மெக்கிரிகர் 1957-இல் எழுதிய கட்டுரையில் இதைக் கடுமையாக விமர்சித்தார். சக மனிதனின் தகுதிக்குத் தீர்ப்பு எழுதும் இடத்தில் மேலாளரை உட்காரவைப்பதால்தான் மேலாளர்களே இந்தப் பேச்சைத் தவிர்க்கிறார்கள் என்றார் அவர். பணியாளர் தம் இலக்குகளைத் தாமே வகுக்கட்டும், மேலாளர் துணை நிற்கட்டும் என்பது அவருடைய யோசனை.

இக்கருத்தைச் சோதித்துப் பார்த்தது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம். ஹெர்பர்ட் மேயர், இமானுவேல் கே, ஜான் பிரெஞ்ச் ஆகிய மூவரும் அந்நிறுவனத்தின் 92 பணியாளர்களுடைய மதிப்பீட்டுப் பேச்சுகளை ஆராய்ந்து 1965-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் முக்கியமானவை இவை:

1. கண்டனம், இலக்கை அடையும் முயற்சியைப் பாதிக்கிறது. கூடுதலாகக் கண்டிக்கப்பட்டவர்கள் தற்காப்பில் இறங்கினர். அவர்களுடைய வேலை மேம்படவில்லை.

2. பொதுவான பாராட்டால் பெரிய நன்மையோ தீமையோ ஏற்படவில்லை.

3. குறிப்பிட்ட இலக்குகளைப் பணியாளரும் மேலாளரும் சேர்ந்து வகுத்தபோது வேலை மிகவும் மேம்பட்டது.

4. வழிகாட்டல் அன்றாடம் நடக்க வேண்டியது. ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் சடங்கு அன்று.

5. வேலையை மேம்படுத்துவதற்கான பேச்சையும், ஊதிய உயர்வு பற்றிய பேச்சையும் ஒன்றாக வைக்கக் கூடாது.

ஐந்தாவது முடிவின் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. ஊதிய உயர்வு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பவரின் காதில் வேறு எந்த அறிவுரையும் ஏறாது. தம் குறையை ஒப்புக்கொண்டால் ஊதியம் குறையும் என்ற அச்சமும் அவருக்கு இருக்கும். எனவே அவர் கற்றுக்கொள்வதை விட்டுவிட்டு வாதாடத் தொடங்குகிறார்.

இந்தியாவில் ஒரு தொடக்கம்

இந்தியத் தனியார் துறையில் இத்தகைய சிந்தனைக்கு ஒரு திருப்புமுனை 1974-இல் ஏற்பட்டது. லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் தன் பணித்திறன் மதிப்பீட்டு முறையை ஆராய்ந்து பரிந்துரை தருமாறு, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் உதய் பரீக், டி. வி. ராவ் ஆகியோரைக் கேட்டுக்கொண்டது. படிவத்தை மட்டும் மாற்றுவதால் பயனில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. மதிப்பீடு, பின்னூட்டம், ஆலோசனை, பயிற்சி, பணி வளர்ச்சி ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தனர். இதன் விளைவாக அந்நிறுவனத்தில் மனிதவள மேம்பாட்டுக்கெனத் தனித்துறை ஏற்பட்டது. இந்திய நிறுவனங்களில் இத்தகைய துறைக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது.

மந்தண அறிக்கை

அரசு அலுவலகங்களில் நிலைமை வேறாக இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் குறிப்பு மந்தண அறிக்கை என வழங்கியது. மந்தணம் என்றால் இரகசியம். மோசமான குறிப்பு இருந்தால் மட்டுமே அது உரியவருக்குத் தெரிவிக்கப்படும். மற்ற தரங்கள் கோப்புக்குள்ளேயே இருக்கும். பதவி உயர்வுக் குழு கூடும்போதுதான் அக்கோப்பு திறக்கப்படும்.

தெரிவிக்கப்படாத பாதகக் குறிப்பை ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1979-இல் குர்தியால் சிங் பிஜ்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் எது பாதகக் குறிப்பு என்ற கேள்வி எஞ்சி நின்றது.

தேவ் தத் வழக்கு

எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்தவர் தேவ் தத். கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்கு உயர, ஐந்து ஆண்டு அறிக்கைகளிலும் "மிக நன்று" என்ற தரம் தேவைப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அவர் அத்தரத்தைப் பெற்றிருந்தார். 1993–94-ஆம் ஆண்டு அறிக்கையில் மட்டும் "நன்று" என்று எழுதப்பட்டிருந்தது. அது பாதகமான சொல் அன்று என்பதால் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அந்த ஒரு சொல்லால் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அவருக்கு இளையவர்கள் உயர்ந்தனர். உயர் நீதிமன்றத்தில் அவருடைய மனு வெற்றி பெறவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

2008 மே 12 அன்று நீதிபதிகள் எச். கே. சேமா, மார்க்கண்டேய கட்ஜு அமர்வு தீர்ப்பு வழங்கியது. குறிப்பின் பெயரைவிட அதன் விளைவே முக்கியம் என்று நீதிமன்றம் கூறியது. பதவி உயர்வுக்கு "மிக நன்று" தேவைப்படும்போது, "நன்று" என்பதே பாதகமாகிவிடுகிறது. எனவே மோசமானதோ, சராசரியோ, நன்றோ, மிக நன்றோ, எந்தத் தரமானாலும் அது பணியாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அப்படித் தெரிவிப்பதால் இரண்டு நன்மைகள் உண்டு என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பணியாளர் தம் வேலையைத் திருத்திக்கொள்ளலாம். மதிப்பீடு தவறு என்று கருதினால் முறையிடலாம். தெரிவிக்காமல் விடுவது அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு தரும் சமத்துவ உரிமைக்கு முரணானது என்பது தீர்ப்பின் அடிப்படை.

தீர்ப்பு வந்தபோது தேவ் தத் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் குறிப்பை அவருக்குத் தெரிவித்து, அவருடைய முறையீட்டைக் கேட்க வேண்டும் என்றும், தரம் உயர்த்தப்பட்டால் பதவி உயர்வை முன்தேதியிட்டுப் பரிசீலிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு சொல்லைப் பார்க்கும் உரிமை அவருக்குக் கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1994-லேயே மேலதிகாரி அவரை அழைத்து, எங்கே குறைந்தது என்று சொல்லியிருந்தால் வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

2009 மே 14 அன்று மத்திய அரசின் பணியாளர் துறை இதற்கான ஆணையை வெளியிட்டது. ஆண்டு மந்தண அறிக்கை என்ற பெயர் ஆண்டுப் பணித்திறன் மதிப்பீட்டு அறிக்கை என மாறியது. அறிக்கை முழுவதும் பணியாளருக்குக் காட்டப்பட வேண்டும் என்றும், அவர் 15 நாள்களுக்குள் முறையிடலாம் என்றும் விதி வந்தது. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வும் தேவ் தத் தீர்ப்பை உறுதி செய்தது.

பின்னூட்டம் எப்போதும் நன்மை தருமா?

சொல்லிவிட்டால் போதும், வேலை மேம்பட்டுவிடும் என்பதும் சரியன்று. ஆவ்ரகாம் குளூகர், ஏஞ்சலோ டிநிசி ஆகியோர் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டனர். 607 ஒப்பீடுகள் அதில் இடம்பெற்றன. சராசரியாகப் பின்னூட்டம் வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஒப்பீடுகளில் அது வேலையைக் குறைத்தே இருந்தது. பின்னூட்டம் கவனத்தை வேலையின் மீது வைத்தால் நன்மை தருகிறது. "நான் எப்படிப்பட்டவன்" என்ற கேள்விக்குத் திருப்பினால் பயன் குறைகிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

நிறுவனங்கள் இப்பாடத்தை மறப்பதும் உண்டு. 1965-இல் மேற்கண்ட ஆய்வை நடத்திய அதே ஜெனரல் எலெக்ட்ரிக், ஜாக் வெல்ச் தலைமையில் பணியாளர்களை 20, 70, 10 விழுக்காடுகளாகப் பிரித்து, கடைசிப் பத்து விழுக்காட்டினரை வெளியேற்றும் முறையைப் பின்பற்றியது. பிற நிறுவனங்கள் பலவும் இவ்வாறு வரிசைப்படுத்தின. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. அடோபி நிறுவனம் 2012-இல் ஆண்டு மதிப்பீட்டை நீக்கி, அடிக்கடி பேசும் முறைக்கு மாறியது. மைக்ரோசாப்ட் 2013-இல் வரிசைப்படுத்தலை நிறுத்தியது.

வரலாறு தரும் பாடங்கள்

நியூ லனார்க்கில் மதிப்பீடு எல்லோர் கண்ணிலும் பட்டது; மந்தண அறிக்கையில் அது உரியவருக்கே தெரியவில்லை. முதலாவதில் தொழிலாளி முறையிட முடிந்தது, ஆனால் மானம் போயிற்று. இரண்டாவதில் மானம் காக்கப்பட்டது போலத் தோன்றினாலும் வாழ்க்கையே பாதிக்கப்பட்டது. ஆக்கப்பூர்வமான பின்னூட்டம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது உரியவரிடம் மட்டும், தனியாக, முகம் பார்த்துச் சொல்லப்படுவது.

மேலாளர் ஒருவர் இவ்வரலாற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். தவறு நடந்த சில நாள்களுக்குள்ளேயே சொல்ல வேண்டும். ஆளைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். "நீங்கள் பொறுப்பில்லாதவர்" என்பது தீர்ப்பு. "இந்த மாதம் மூன்று அறிக்கைகள் தாமதமாக வந்தன, என்ன தடை?" என்பது பின்னூட்டம். பணியாளர் சொல்வதைக் கேட்டபின், அடுத்து செய்ய வேண்டியதை இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஊதியப் பேச்சை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பில் எழுதுவது எதுவும் நேரில் சொல்லப்பட்டதாக இருக்க வேண்டும்.

இன்று அரசுப் பணியாளர் தம் அறிக்கையைப் பார்க்கலாம். அது சட்டம் தந்த உரிமை. ஆனால் அறிக்கை ஆண்டு முடிந்தபின்தான் கைக்கு வருகிறது. அந்த ஆண்டின் நடுவிலேயே பணியாளரை அழைத்துப் பேசும்படி எந்த நீதிமன்றமும் மேலாளரைப் பழக்கிவிட முடியாது. அது அவர் தாமாகச் செய்ய வேண்டிய வேலை.